பகுதி சபைக்கு நிலத் திட்டத்திலும் உரிமை வேண்டும்

சென்னைப் பெருநகருக்கான இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026உடன் முடிகிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது திட்டத்தை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) தயாரித்துவருகிறது. எந்த ஏரியைச் சுற்றி அடுக்குமாடி எழலாம், எந்தக் குடியிருப்புத் தெரு கடைத்தெருவாகலாம், எங்கே எத்தனை மாடி கட்டலாம் என்பவற்றையெல்லாம் அந்த வரைபடத்தின் நிறங்கள் முடிவுசெய்யும். அங்கே வாழ்கிறவர்களுக்கோ, வரைவு வெளியான பிறகு குறிப்பிட்ட அவகாசத்துக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கும் உரிமை மட்டுமே சட்டப்படி உண்டு. பல லட்சம் சர்வே எண்களுக்கு நடுவே தன் தெருவைத் தேடிக் கண்டுபிடித்து, மண்டல விதிகளின் மொழி புரிந்து, மனு எழுதக்கூடியவர் எத்தனை பேர்? எழுதினாலும் அது முடிந்துபோன வரைபடத்தின் மீதான முறையீடுதான். வரைபடம் உருவாகும்போதே அந்தந்தப் பகுதி மக்கள் அதில் பங்கேற்க வேண்டும். அதற்கான அமைப்பு தமிழ்நாட்டில் புதிதாகத் தேட வேண்டியதில்லை. பகுதி சபைகள் இருக்கின்றன, அவற்றுக்கு அதிகாரம்தான் இல்லை.

நகரத் திட்டமிடல் உள்ளாட்சியின் வேலை என்பது அரசமைப்பின் கருத்து. 1992இன் 74ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் முதலாவதாக இருப்பது நகரத் திட்டமிடல். இரண்டாவது, நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. தெருவிளக்கும் குப்பையும் அதற்கும் கீழேதான் வருகின்றன. நடைமுறை தலைகீழ். மாமன்றத்துக்குத் தெருவிளக்கும் குப்பையும். நிலத்தின் தலைவிதி மாநில அரசின் கீழுள்ள குழுமத்துக்கு. சென்னை மாநகராட்சிக்கு 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை ஐந்தாண்டுக்கும் மேலாக மாமன்றமே இருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நகரவாசியின் அரசியல் உரிமை எவ்வளவு மெலிந்தது என்பது தெரியும். அந்தத் தேர்தலுக்குப் பிறகு, 2022இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. கிராம சபையைப் போல நகரத்திலும் வாக்காளர்கள் நேரில் கூடிப் பேச ஒரு மேடை கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று கூட்டங்கள் தொடங்கின. நல்ல தொடக்கம். ஆனால் அங்கே பேசப்படுவது அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாய், எரியாத விளக்கு, அள்ளப்படாத குப்பை. இவை முக்கியமில்லாதவை அல்ல. ஆனாலும் இருபதாண்டு விளைவுகளைத் தரும் முடிவுகள் வேறொரு கட்டடத்தில் எடுக்கப்படும்போது, பகுதி சபை குறைதீர் கூட்டத்தின் இன்னொரு பெயராகச் சுருங்கிவிடுகிறது.

பகுதி மக்களிடம் கேட்காமல் வரைந்ததன் விலையைச் சென்னை ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையைச் சுற்றியும் 2015 டிசம்பரில் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் புகுந்தது. தண்ணீர் எந்த வழியாக வந்து எங்கே தேங்கும் என்பதை அங்கே நெடுநாள் வசிப்பவர்கள் அறிவார்கள். கட்டட அனுமதிக் கோப்பில் அந்த அறிவு ஏறவேயில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எஞ்சியதில் 1,247 ஹெக்டேருக்கு 2022இல் ராம்சர் தகுதி கிடைத்தது. அதற்குள் அதன் பெரும்பகுதி குப்பைமேடாகவும் சாலையாகவும் கட்டடமாகவும் ஆகியிருந்தது. ஏழைகள் விஷயத்தில் இந்தப் புறக்கணிப்பு இன்னும் கொடியது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. வேலை பழைய இடத்தில், வீடு நகரின் விளிம்பில். பள்ளியும் மருத்துவமனையும் பேருந்தும் பின்னால்தான் வந்தன. எங்கே குடியமர்த்தலாம் என்று அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால் இப்படியொரு வரைபடம் உருவாகியிருக்காது.

அக்கம்பக்கத்தார் தாங்களே திட்டம் வரைவது கற்பனை அல்ல. இங்கிலாந்து 2011இல் கொண்டுவந்த உள்ளாட்சியச் சட்டம், ஊர் மன்றமோ, அது இல்லாத இடத்தில் குறைந்தது 21 பேர் சேர்ந்த மன்றமோ தன் பகுதிக்குத் திட்டம் எழுதலாம் என்றது. தற்சார்புள்ள ஆய்வாளர் ஒருவர் அதைப் பரிசீலிப்பார். பிறகு பகுதி மக்களிடம் பொதுவாக்கெடுப்பு. பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால் அது சட்ட வலுவுள்ள திட்டம். கட்ட அனுமதி கேட்டு வருகிறவரின் விண்ணப்பத்தை அதன்படிதான் முதலில் எடைபோட வேண்டும். முதல் வாக்கெடுப்பு 2013 மார்ச்சில் கம்பிரியா பகுதியின் அப்பர் ஈடனில் நடந்தது. வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆதரித்தார்கள். இன்று இங்கிலாந்தில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட திட்டங்கள் நடைமுறையில் உள்ளன. அந்தச் சட்டத்தின் முக்கியமான பூட்டு இது: மேல்மட்டத் திட்டம் ஒரு பகுதிக்கு இத்தனை வீடு என்று நிர்ணயித்தால், ஊரார் அதைக் குறைக்க முடியாது. எங்கே, எந்த வடிவில் என்பதை மட்டும் அவர்கள் தீர்மானிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் தேம் என்ற சிற்றூர், தனக்கு ஒதுக்கப்பட்ட 775 வீடுகளை ஒரே பெரிய மனையில் குவிக்காமல் பல இடங்களில் பிரித்து வைத்தது. வளர்ச்சியை அந்த ஊர் மறுக்கவில்லை. தன் சாலைகளும் பள்ளிகளும் தாங்கும் விதத்தில் அதை ஏற்றுக்கொண்டது.

மக்களிடம் விட்டால் எதையும் கட்டவிட மாட்டார்கள் என்ற ஆட்சேபத்துக்கு இதுவே பதில். ஆனால் இங்கிலாந்தின் அனுபவத்தில் மறைக்கக் கூடாத குறைகளும் உண்டு. வசதியும் ஓய்வு நேரமும் உள்ளவர்களின் ஊர்களே முந்திக்கொண்டன. ஏழ்மையான நகரப் பகுதிகள் பின்தங்கின. கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் ஊர், புதிதாகக் கட்டப்படும் வீடுகளை விடுமுறை வீடாக வாங்கக் கூடாது என்று 2016 வாக்கெடுப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேலான ஆதரவோடு தீர்மானித்தது. விடுமுறை வீடு தேடுகிறவர்களின் பார்வை பழைய வீடுகள்மீது திரும்பி, அவற்றின் விலை ஏறியதாக ஆய்வாளர்கள் பின்னர் சுட்டினார்கள். பெரும்பான்மை வாக்கு ஒரு முடிவைப் பொருளாதாரத்தின் விதிகளிலிருந்து காப்பாற்றிவிடாது. (வல்லுநர் வரைந்த திட்டங்கள் மட்டும் காப்பாற்றினவா என்று வேளச்சேரிவாசி கேட்டால் அதற்கும் பதில் வேண்டும்.) ஆகவே ஆலோசனை சொல்ல நகரமைப்பு வல்லுநர் ஒருவரை அரசே ஒவ்வொரு மண்டலத்துக்கும் தர வேண்டும். முடிவு மக்களுடையது, அதன் விளைவுகளை எடுத்துரைப்பது வல்லுநரின் கடமை.

நம் ஊருக்குப் பொருத்தமான அச்சம், குடியிருப்போர் நலச் சங்கங்கள் இந்த உரிமையைக் கைப்பற்றிவிடும் என்பது. சொந்த வீட்டுக்காரர்களின் சங்கத்துக்குப் பூங்காவில் அமரும் முதியவர் கண்ணில் படுவார். நடைபாதை வியாபாரியும் வாடகைக் குடும்பமும் பின்தெருக் குடிசையும் ஆக்கிரமிப்பாகத் தெரியலாம். அச்சம் நியாயமானது. அதனால்தான் சங்கங்களை விடுத்துப் பகுதி சபையை முன்வைக்கிறோம். அப்பகுதியின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர்கள். சந்தா கட்டத் தேவையில்லை. ஆனால் சபையின் பிரதிநிதிகளை இன்று மாமன்றமே நியமிக்கிறது. கவுன்சிலரின் விருப்பம் அங்கே எளிதாக நுழைந்துவிடும். வாக்காளர்களே அவர்களைத் தேர்ந்தெடுக்கும்படி விதி மாற வேண்டும். கூட்டம் வேலை நாளின் பகலில் நடந்தால் தினக்கூலிக்காரர் வர மாட்டார். வரைபடத்தைத் தமிழில், வீட்டு எண்ணும் தெருப் பெயரும் தெரியும் அளவில் ஒட்டாவிட்டால் வந்தவருக்கும் புரியாது. இவையெல்லாம் சின்ன விஷயங்களாகத் தோன்றும். ஆனால் இவை இல்லாவிட்டால் உரிமை இருந்தும் மக்களால் பங்கேற்க முடியாது. கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குத் தந்ததோடு, லட்சம் பேருக்கு மேல் பயிற்சி அளித்ததற்கும் காரணம் இதுதான்.

தாமதமாகும் என்பார்கள். சென்னையின் முதல் முழுமைத் திட்டம் எழுபதுகளின் நடுவில் வந்தது. இரண்டாவது 2008 செப்டம்பரில்தான் வந்தது. இடையில் கழிந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பகுதி சபைகளா காரணம்? அடுத்து, தண்ணீர் வார்டு எல்லை பார்த்து ஓடாது என்ற வாதம். இது உண்மை. சதுப்பு நிலம், கால்வாய், ரயில் தடம், எந்தப் பகுதி எத்தனை வீடுகளைத் தாங்க வேண்டும் என்ற கணக்கு ஆகியவை பெருநகர அளவில்தான் முடிவாக வேண்டும். அந்த வேலைக்கு அரசமைப்பின் 243இசட்இ பிரிவு, மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட பெருநகரத் திட்டக் குழுவைச் சொல்கிறது. பெருந்திட்டம் எலும்பை வைக்கட்டும். சதையைப் பகுதி சபைகள் வைக்கும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971, முழுமைத் திட்டத்துக்குக் கீழே சிறு பகுதிகளுக்கான விரிவு வளர்ச்சித் திட்டத்துக்கு ஏற்கெனவே இடம் தந்திருக்கிறது. அதன் வரைவைப் பகுதி சபை தயாரித்து வார்டு குழு ஒப்ப வேண்டும், மறுக்கும் குழுமம் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று திருத்தினால் போதும்.

பணமும் கூடவே இறங்க வேண்டும். புதிய அடுக்குமாடிக்கு உள்கட்டமைப்பு, வசதிக் கட்டணம் வசூலாகிறது. கூடுதல் தளப்பரப்புக்குத் தனிக் கட்டணம் உண்டு. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பத்து விழுக்காடு திறந்தவெளியாகவோ, ஓரளவு வரை பணமாகவோ தர வேண்டும். கட்டடம் எழும் தெரு அந்தப் பணத்தால் என்ன பெறுகிறது என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. இங்கிலாந்தில் திட்டம் எழுதிய பகுதிக்கு வளர்ச்சிக் கட்டணத்தில் 25 விழுக்காடு போகிறது. எழுதாத பகுதிக்கு 15 விழுக்காடுதான். புதிய குடியிருப்பு வந்தால் தன் தெருவுக்குக் குடிநீர்க் குழாயோ பூங்காவோ வரும் என்று தெரிந்தால், எதிர்க்கும் பகுதியே வரவேற்கவும் கூடும்.

மூன்றாம் முழுமைத் திட்டத்தின் வரைவு இறுதியாகும் முன்பே இதைச் செய்தாக வேண்டும். ஒவ்வொரு மண்டலத்திலும் தாழ்வான ஒரு வார்டிலும் மறுகுடியமர்வு வார்டு ஒன்றிலும் விரிவு வளர்ச்சித் திட்டத்தைப் பகுதி சபையே எழுதட்டும். அதைத் திட்டத்தின் இணைப்பாக அரசு ஏற்கட்டும். சபையின் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் விதித் திருத்தத்தை அரசு இந்த ஆண்டே வெளியிட வேண்டும்.