பாடலாம், பேசக்கூடாது

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்த பெண்களுக்குச் சாராள் நவரோஜியின் பாட்டு ஒன்றாவது மனப்பாடமாகத் தெரியும். அது அவர் எழுதியது என்று தெரிந்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அவர் 2014இல் காலமானார். பாட்டு எழுதினார், மெட்டமைத்தார், தானே பாடினார். சினிமாவில் இந்த மூன்று வேலைக்கும் மூன்று பேர், மூன்று சம்பளம். நூற்றுக்கணக்கான பாடல்கள் இசைத்தட்டு, கேசட், சிடி என்று ஒவ்வொரு காலத்துக்கும் உருமாறி வந்தன. இத்தோடு நிறுத்தியிருந்தால் ‘இனிய குரல்’ என்று சொல்லி முடித்திருப்பார்கள். அவர் பிரசங்கமும் செய்தார். சென்னையில் ஒரு சபையைத் தொடங்கி, அதைத் தானே நடத்தினார். இன்று அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் குரலைப் புகழ்ந்துவிட்டு இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போகிறார்கள்.

ஏன் தாண்டுகிறார்கள் என்பது எங்கள் பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தால் புரியும். அம்பத்தூரிலிருந்து ஆவடி, பூந்தமல்லி வரை தெருவுக்குத் தெரு சபைகள். கடைக்கு மேல் மாடியில், தகரக் கொட்டகையில், வாடகைக் கல்யாண மண்டபத்தில். பாடும் வரிசையில் பெரும்பாலும் பெண்கள். எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்துவிட்டுச் சனிக்கிழமை இரவு பயிற்சிக்கு வருகிறவர்கள். தரை துடைப்பது, பாய் விரிப்பது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அடக்குவது எல்லாம் அவர்களே. கடைசிப் பாட்டு முடிந்ததும் மைக் ஓர் ஆணின் கைக்குப் போகும். காணிக்கைக் கணக்கும் அந்தப் பக்கம்தான்.

நானும் அம்பத்தூரில் அப்படி ஒரு சபையில் ஒன்பது வருடம் பாடினேன். ஒரு வாரம் இரண்டு பாட்டுக்கு நடுவில், கணவனிடம் அடி வாங்கும் பெண்களுக்காக இந்தப் பாட்டை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று நாலு வரி பேசினேன். ஆராதனை முடிந்ததும் கூப்பிட்டுச் சொன்னார்கள்: “பாட்டோட நிறுத்திக்கம்மா. வசனம் சொல்றது ஐயா வேலை.” அடுத்த வாரம் மைக்கில் வேறு பெண்.

இதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், 14ஆம் அதிகாரம். சபையில் பெண்கள் பேசாமல் இருக்க வேண்டுமாம். சரி, பேசாமல் இருப்பது என்றால் பாடுவதும் அதில் அடங்காதா? அந்த வசனத்தை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தால் எங்கள் பகுதியில் பாதி சபைகளில் ஆராதனையே நடக்காது. அதனால் பாட்டு வரும்போது வசனம் தூங்குகிறது. பெண் பேச வாய் திறந்ததும் விழித்துக்கொள்கிறது.

மிரியாமின் கதையை இவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். செங்கடலைக் கடந்ததும் தம்புரு எடுத்துப் பெண்களோடு பாடி ஆடியவள். அதைப் பெண்கள் கூட்டங்களில் அலுக்காமல் சொல்வார்கள். எண்ணாகமம் 12 வேறு விஷயம். கடவுள் மோசே மூலமாக மட்டும்தான் பேசினாரா, எங்கள் மூலமாகவும் பேசவில்லையா என்று அவள் கேட்கிறாள். அவளோடு சேர்ந்து ஆரோனும் கேட்கிறான். தொழுநோய் வந்தது அவளுக்கு. ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே தள்ளப்பட்டதும் அவள்தான். ஆரோன் ஆசாரியனாகவே இருந்தான். பாடியபோது தீர்க்கதரிசி, கேள்வி கேட்டபோது தீட்டு. அவள் வெளியே இருந்த ஏழு நாளும் மக்கள் பயணப்படவில்லை என்றும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. அதை ஒரு பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது. முதல் பெண் குருவானவரான எலிசபெத் பாலை அது அபிஷேகம் செய்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. முதல் பெண் பிஷப் புஷ்பலலிதா, ஆந்திராவின் நந்தியால் மறைமாவட்டத்தில், 2013இல். சாராள் நவரோஜி இந்தப் படிக்கட்டில் ஏறக் காத்திருக்கவில்லை. அவரைப் பெண்ணியவாதி என்று கடத்திவர நான் முயலவில்லை. அவருடையது பழுத்த பெந்தெகொஸ்தே விசுவாசம். ஆனால் வேதாகமக் கல்லூரி வாசலை மிதிக்காத லட்சக்கணக்கானவர்கள் இறையியலைக் கற்றது பாட்டில்தான். அந்தக் கணக்கில், பெண் போதிக்கக்கூடாது என்று சொல்லும் சபைகளுக்கும் அவர் பல பத்தாண்டுகள் போதித்திருக்கிறார்.

அவர் திருமணம் செய்துகொள்ளாததைத் தியாகம் என்கிறார்கள். ஊழியம் செய்யும் ஆணுக்கு மனைவி என்றால் சமையல், விருந்தோம்பல், பெண்கள் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஓர் ஆள். அதே ஊழியத்தைச் செய்யும் பெண்ணுக்குக் கணவன் வந்தால் பாஸ்டர் என்ற பட்டம் அவனுக்குப் போய், இவள் ‘பாஸ்டரம்மா’ ஆகிவிடுவாள். இந்த ஏற்பாட்டை விட்டுவிட்டுத் தியாகம் பற்றி மட்டும் ஏன் பேச வேண்டும்?

உலகம் முழுக்க இப்படித்தான். அமெரிக்காவில் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் மின்கிட்டாரோடு காஸ்பல் பாடி, பின்னால் வந்த ராக் இசைக்காரர்களுக்கு வழி காட்டியவர். 1973இல் இறந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் கல்லறைக்குப் பெயர்க்கல் இல்லை. ராக் இசையின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ அவரைச் சேர்த்துக்கொண்டது 2018இல்.

இங்கே பெயர் போகும் வழி இன்னும் சுலபம். பாட்டுத்தாளில் வரிகள் இருக்கும், எழுதியவர் இருக்கமாட்டார். யாராவது புதிய தாளம் சேர்த்துப் பாடி யூடியூபில் ஏற்றுவார்கள். கீழே ‘பாரம்பரியப் பாடல்’ என்று போடுவார்கள். கேட்டால், “புகழ் கர்த்தருக்கே, மனுஷருக்கு எதற்கு?” என்பார்கள். கன்வென்ஷன் பேனரில் பேச்சாளரின் முகம் ஆள் உயரத்துக்குச் சிரிக்கும்போது இந்தத் தாழ்மை எங்கே போகிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் படைத்தவர் இறந்த பிறகும் 60 ஆண்டு பாதுகாப்பு தருகிறது. சாராள் நவரோஜியின் பாடல்களுக்கு அது 2074 முடியும்வரை உண்டு. ஆராதனையில் பாட யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, அதற்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் உரிமையை விற்றுவிட்டாலும்கூட, இது என் படைப்பு என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்கிறது 57ஆம் பிரிவு.

பாடகர் குழுவில் இருக்கும் பெண்களே, ஸ்லைடு தயாரிப்பது பெரும்பாலும் நீங்கள்தான். காணிக்கைக்கான கியூஆர் கோடு வைக்க அதில் எப்படியோ ஒரு மூலை கிடைத்துவிடுகிறது. அதற்கு எதிர் மூலையில் பாட்டை எழுதியவளின் பெயரைப் போடுங்கள். யாராவது எடுக்கச் சொன்னால், ஏன் என்று மைக்கில் கேளுங்கள்.