டாக்டர் படிப்பு ஒன்றுதானா?



எஸ்.டி.பி.எம். முடிவு வந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "டாக்டருக்கு இடம் கிடைத்ததா?" என்பதுதான். இல்லையென்றால் வீடே சோர்ந்துவிடுகிறது. நகையை அடகு வைத்து, கடன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோரும் உண்டு. நோயை எதிர்த்து நிற்க வேறு படிப்பும் உண்டு என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

நோய்ப்பரவலியல் என்பது அதன் பெயர். பெயர்தான் கடினம். டாக்டர் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். இதைப் படித்தவர் ஓர் ஊரையே பார்க்கிறார். யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை, இருவருக்கும் என்ன வேறுபாடு என்று கணக்கெடுத்துக் காரணத்தைத் தேடுகிறார்.

இந்த மண்ணிலேயே அதற்குச் சான்று உண்டு. அன்றைய மலாயாவில், ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் பெரிபெரி நோயால் கால் வீங்கி, இதயம் தளர்ந்து மடிந்தனர். தோட்டத் தமிழரிடையே அந்நோய் அரிது. அவர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி; நம்மவர் உண்டது புழுங்கலரிசி. இந்த வேறுபாட்டை டாக்டர் பிராடன் கவனித்தார். டாக்டர் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஆளுக்கொரு வகை அரிசி கொடுத்துப் பார்த்து, 1907-இல் முடிவை வெளியிட்டார். பச்சரிசி உண்ட பிரிவில்தான் நோய் கண்டது. 'வைட்டமின்' என்ற சொல்லே பிறக்காத காலம் அது!

அன்று பெரிபெரி நம்மை விட்டு விலகி நின்றது. இன்று இனிப்புநீர் நம்மைத்தான் முதலில் பிடிக்கிறது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 100-க்கு 18 பேருக்கு அந்நோய். இந்தியரிடையே 100-க்கு 31 பேர். உணவா, உடல்வாகா, வேலையா, வருமானமா? இவற்றில் எது எவ்வளவு காரணம் என்று பிரித்துக் காட்ட ஆள் வேண்டும்.

அந்த ஆள் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன? "சீனி சாப்பிடுவீர்களா?" என்று கேட்டால் நம் பாட்டி "இல்லை" என்பார். கட்டிப்பால் ஊற்றிய தேநீர் நாளுக்கு நான்கு குவளை உள்ளே போகும்! எதை, எப்படிக் கேட்பது என்று நம் பிள்ளைக்குத் தெரியுமல்லவா?

முதலில் பட்டப்படிப்பு. மருத்துவமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாதிமை, உணவியல், மருந்தியல், உயிர்மருத்துவம், புள்ளியியல் எதுவும் உதவும். பின்னர் ஒன்று முதல் இரண்டு ஆண்டுகள் முதுகலை. மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு உண்டு. சேருமுன் தகுதி விதிகளை நேரில் கேட்டறியுங்கள். ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவர் முனைவர் பட்டமும் பெறலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பொதுச் சுகாதார நிபுணர் பதவி மருத்துவம் படித்தவர்க்கே உரியது. மற்றவர்க்கு ஆராய்ச்சி அதிகாரி, விரிவுரையாளர், மருந்து நிறுவனப் புள்ளியியலாளர் போன்ற வேலைகள் உண்டு. விரைவில் செல்வம் சேர்க்கும் தொழில் இதுவன்று.

பள்ளியிலேயே செய்ய வேண்டிய தயாரிப்பு, கணக்கில் ஊன்றிப் படிப்பது. ஒரு தோட்டத்தில் 10 பேருக்கு இனிப்புநீர். மற்றொன்றில் 20 பேருக்கு. எது மோசம்? முதல் தோட்டத்தில் இருப்பவர் 50 பேர், இரண்டாவதில் 400 பேர் என்றால், முதல் தோட்டமே மோசம். அங்கே முதியவர்கள் அதிகமா என்றும் பார்க்க வேண்டும். செக்ரோலைப் பார்க்காமல் பெரட்டுக்கு வராதவர்களை எண்ண முடியுமா? இதுவும் அப்படித்தான். மலாய், ஆங்கிலம் இரண்டிலும் தெளிவாக எழுதப் பழகுதல் அவசியம். புள்ளிவிவரக் கணக்குக்கான 'ஆர்' என்னும் கணினி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

பெற்றோர்களே, டாக்டருக்கு இடம் கிடைக்கவில்லை என்பதற்காகப் பிள்ளையின் அறிவை முடக்கிவிடாதீர்கள். சுகாதார ஆய்வுக்காக யாரேனும் உங்கள் கதவைத் தட்டினால், உள்ளே அழைத்து உண்மையைச் சொல்லுங்கள். நாம் சொல்லாத நோய் எந்தக் கணக்கிலும் ஏறாது. கணக்கில் ஏறாத நோய்க்கு மருந்தும் திட்டமும் வந்து சேர்வது கடினம்.