ஒழுகிய சுவரும் ஒழியாத சந்தேகமும்

மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்கு அண்மையிலுள்ள காப்பிக் கடைகளில் காலை வேளைகளில் நிகழும் சம்பாஷணைகளை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகிறவன் என்ற முறையில், அங்கே ஒரு வாதம் சட்னியைப் போல நாள்தோறும் புதிதாக அரைக்கப்படுவதை நான் அறிவேன். நாத்திகம் பேசும் நம் தமிழர்கள் பிள்ளையாரையும் ராமனையும் மாத்திரமே தூஷிப்பார்கள். சிலுவையைக் கண்டால் வாயை மூடிக்கொள்வார்கள். அதற்குக் காரணம் ஒன்று பயம், இல்லாவிட்டால் பாதிரிமார் கொடுக்கும் பணம் என்பதே அவ்வாதம். அங்கிருந்து சயான் பக்கம் நடந்து தாராவிக்குள் நுழைந்தாலோ, ஜெபக்கூட்டம் முடிந்து வேதப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிற சகோதரர்கள் இதற்கு நேர்விரோதமாகப் பேசுவதைக் கேட்கலாம். நாத்திகம் பேசும் கறுப்புச் சட்டைக்காரன் ஆண்டவரை நிந்திப்பதற்கென்றே சுற்றுகிறவன், அவனை நம்பி வீட்டுப் படி ஏற்றலாகாது என்பது அவர்கள் கட்சி. ஒரு சாரார் அவனைச் சபையின் கூலி என்கிறார்கள். மறு சாரார் சபையின் சத்துரு என்கிறார்கள். ஒரே மனிதன் இரண்டுமாக இருப்பது அசாத்தியம். இரண்டுமாக இல்லாமல் இருப்பதோ மிகவும் சாத்தியம். இவ்விரு கட்சிகளையும் ஒவ்வொரு உறுப்பாக எடுத்துப் பார்த்துவிடுவது என்று துணிந்தேன்.

நாத்திகர்கள் கிறிஸ்து மதத்தைத் தொட்டதே இல்லை என்பது முதல் உறுப்பு. சரித்திரம் அறியாதவர்களே இதைச் சொல்ல முடியும். பெரியார் ஈ.வெ.ரா. பிறப்பதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பாக, 1878இல், சென்னையில் இலௌகிக சங்கம் என்று ஒரு சபை தோன்றிற்று. லண்டனில் சார்லஸ் பிராட்லா நடத்தி வந்த நாத்திகச் சங்கத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு. 1882 முதல் 1888 வரை சென்னைச் சங்கத்தார் நடத்திய ‘தத்துவ விவேசினி’ என்னும் தமிழ்ப் பத்திரிகை, புராணங்களைக் கண்டித்த அதே பேனாவால் விவிலியத்தையும் கண்டித்தது. அக்காலத்தில் ஆட்சி யாருடையது, மிஷனரிமாரின் செல்வாக்கு எத்தகையது என்பதை நினைத்துப் பார்த்தால், அச்சத்தினால் மௌனம் சாதித்தார்கள் என்ற பேச்சுக்கு அங்கேயே இடம் இல்லாமற் போகிறது. பின்னர் ஈ.வெ.ரா.வின் சுயமரியாதை இயக்கத்தார் அமெரிக்கப் பகுத்தறிவாளர் இங்கர்சாலின் எழுத்துகளைத் தமிழாக்கினார்கள். பெர்ட்ரண்டு ரஸ்ஸல் 1927இல் தாம் ஏன் கிறிஸ்தவர் அல்லர் என்று லண்டனில் நிகழ்த்திய பிரசங்கத்தையும் தமிழாக்கிச் சிறு நூலாக மலிவு விலைக்கு விற்றார்கள். கூலி கொடுக்கிற எஜமானன் தன்னைக் கண்டிக்கும் நூலை அச்சிடவா கூலி கொடுப்பான்?

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளாமல் மேலே செல்வது நேர்மையாகாது. தமிழ் நாத்திகத்தின் பெருவேகம் ஹிந்து மதத்தின் மீதுதான் பாய்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் பிறந்த வீடு அது. எந்தக் கூரை ஒருவன் தலையில் ஒழுகுகிறதோ அந்தக் கூரையைப் பற்றித்தான் அவன் அதிகம் பேசுவான். அரசியல் மேடை ஏறி வாக்குக் கேட்க ஆரம்பித்த பிற்காலத்தவர்களோ எல்லா மதத்தாருடைய வாக்கையும் வேண்டி, எல்லாரிடமும் சற்று நயமாகவே பேசலானார்கள். அதை நாத்திகத்தின் குற்றம் என்பதைவிடத் தேர்தலின் குணம் என்பதே பொருத்தம். காப்பிக் கடை நண்பர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே டம்ளரில் ஆற்றுகிறார்கள்.

பணம் என்பது இரண்டாம் உறுப்பு. இதற்கு ஆதாரம் கேட்டால் ஒருவரும் காட்டுவதில்லை என்பதால், நானும் இதில் நெடுநேரம் தங்க உத்தேசமில்லை. ஒரே ஒரு வரலாறு போதும். விஜயவாடாவின் நாத்திக மையத்தை நிறுவிய கோரா இளமையில் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தாவர சாஸ்திர ஆசிரியராக இருந்தவர். கிறிஸ்தவராக மாறினால் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலைக்கு மேற்படிப்புக்கு அனுப்புவதாக ஆசை காட்டப்பட்டபோது, அவர் மறுத்துவிட்டார். பிற்பாடு நாத்திகத்துக்காக அவரை வேலையைவிட்டு நீக்கியவை காக்கிநாடாவிலும் மசூலிப்பட்டணத்திலும் இருந்த கல்லூரிகள்; அவற்றுள் ஒன்றுக்கு ஹிந்து கல்லூரி என்றே பெயர். பாதிரிமாரின் உதவியையும் உதறி, ஹிந்து கல்லூரியின் சம்பளத்தையும் இழந்த அம்மனிதரை யாருடைய கைக்கூலி என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

மூன்றாம் உறுப்புத்தான் விஸ்தாரமாகப் பேச வேண்டியது. கிறிஸ்தவர்கள் சாதுக்கள் என்பதால் நாத்திகர்கள் அவர்களோடு மோதுவதுமில்லை, மோதினாலும் ஒன்றும் நேர்வதுமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் இதே பம்பாயில் குடியிருப்பவர்கள். இங்கிருந்து வில்லே பார்லேக்கு எத்தனை தூரம்?

2012ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், வில்லே பார்லே மேற்கில் இர்லா என்னும் பகுதியிலுள்ள வேளாங்கண்ணி மாதா ஆலயத்தில், சிலுவையில் அறையுண்ட இயேசுவின் சுரூபத்துப் பாதத்திலிருந்து நீர் சொட்டிற்று. ஜனங்கள் திரண்டார்கள்; அந்நீரைப் பாத்திரங்களில் ஏந்தித் தீர்த்தமாகக் கொண்டு சென்றார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் அழைத்ததன் பேரில், இந்தியப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவர் சனல் இடமருகு தில்லியிலிருந்து வந்து பார்த்தார். அவர் செய்த காரியம் மிகவும் எளியது. சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் அவர் ஒருவர் சுவரைப் பார்த்தார். அடுத்தாற்போல் ஒரு கழிவறை இருந்தது; அதன் தண்ணீர் செல்லும் சாக்கடை அடைத்துக்கொண்டிருந்தது; தேங்கிய நீர் சுவரின் நுண்ணிய துளைகள் வழியே மேலேறிச் சிலுவையை அடைந்து, ஆணியின் வழியாகப் பாதத்தில் இறங்கிச் சொட்டியது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே விதிதான். திரியில் எண்ணெய் ஏறுவதைத் தெய்வச் செயல் என்று எந்தப் பாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை. குடிக்கத்தக்க நீரல்ல அது என்பதையும் எந்தப் பாட்டியும் ஒப்புக்கொள்வாள்.

அதையொட்டி நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் இடமருகு சுவரோடு நிற்கவில்லை. திருச்சபை அற்புதங்களை வளர்த்து லாபம் காண்கிறது என்ற தொனியில் பேசினார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள், அவர் மறுத்தார். கத்தோலிக்கர் சங்கங்கள் சில போலீசில் புகார் கொடுத்தன. அப்பொழுது அமலிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295-ஏ பிரிவின் கீழ் நடவடிக்கை எடுக்கப்பட்டது. அப்பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைவாசம் விதிக்க இடமிருந்தது. போலீஸார் வாரண்டின்றியே கைது செய்ய முடிந்தது. அந்த ஆண்டே அவர் பின்லாந்து நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். நாத்திகன் சிலுவையைத் தொடான், தொட்டாலும் ஒன்றும் நேராது என்று காப்பி ஆற்றுகிற நண்பர்கள், ஒழுகிய ஒரு சுவருக்காக ஒரு மனிதன் தேசத்தையே விட்டுச் சென்றதை எப்படி மறந்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

இதுவும் புதிதன்று. 1933இல் பம்பாயிலிருந்து வெளிவந்த ‘ரீசன்’ என்னும் பகுத்தறிவுப் பத்திரிகையில் மதத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி எழுதிய டாக்டர் டி அவாயின் மீது இதே 295-ஏ பாய்ந்தது. லாகூரில் ஒரு நூலால் மூண்ட கலகத்தை முன்னிட்டு 1927இல் இயற்றப்பட்ட அப்பிரிவுக்கு அப்பொழுது ஆறு வயது. அவ்வழக்கை விசாரித்த மாஜிஸ்திரேட், தம் கொள்கையை எழுதியதில் துர்நோக்கம் ஒன்றுமில்லை என்று கண்டு 1934இல் டாக்டரை விடுதலை செய்தார். அந்நிய ஆட்சியின் நீதிமன்றம் ஓராண்டுக்குள் தீர்த்துக் கொடுத்த ஒன்றைச் சுதந்திர நாட்டில் தீர்க்க முடியாமற் போயிற்று. வேண்டுமென்றே, துவேஷ புத்தியோடு செய்த அவமதிப்புக்கே இப்பிரிவு பொருந்தும் என்று சுப்ரீம் கோர்ட்டே 1957இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அதைச் சொல்லும் தீர்ப்பு இறுதியில் வருவது. போலீஸ்காரர் முதலில் வருகிறார்.

இனித் தாராவிச் சகோதரர்களின் கட்சிக்கு வருவோம். ஒருவன் அற்புதத்தைச் சோதிக்க வந்தாலே அவன் நிந்திக்க வந்தவன் என்பது அவர்களுடைய சாரம். இதற்கு நாத்திகனை மறுமொழி சொல்ல அழைப்பானேன்? திருச்சபையே சொல்லும். பிரான்ஸ் தேசத்து லூர்து நகரில், குணமாயிற்று என்று வருகிறவர்களைச் சோதிப்பதற்கென்றே 1883 முதல் ஒரு வைத்திய நிலையம் இயங்குகிறது. எம்மதத்து வைத்தியரும், மதமில்லாத வைத்தியரும்கூட அங்கே ஆராய்ச்சியில் கலந்துகொள்ளலாம். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களில், இத்தனை காலத்தில் அற்புதம் என்று சபை அங்கீகரித்தவை ஏறக்குறைய எழுபதுதான். மிச்சமுள்ளவற்றை நிராகரித்த ஆயர்களும் வைத்தியர்களும் மாதாவை நிந்தித்தவர்களா? ஒருவருக்குப் புனிதர் பட்டம் அளிக்குமுன் அவருக்கு விரோதமாக வாதிடுவதற்கென்றே ரோமாபுரியில் ஓர் உத்தியோகஸ்தர் நானூறு ஆண்டு காலம் இருந்தார். அவ்வுத்தியோகத்தின் பழைய வலிமையை 1983இல் குறைத்துவிட்டார்கள். ஆயினும் அன்னை தெரசாவின் விஷயத்தில், அவரைக் கடுமையாகக் கண்டித்து நூல் எழுதிய பகிரங்க நாத்திகரான கிறிஸ்டபர் ஹிட்சன்ஸை அழைத்துச் சாட்சியம் வாங்கிக்கொண்டார்கள். இர்லாவில் சொட்டிய நீரைப் பற்றியும் பம்பாய் உயர் மறைமாவட்டம் அற்புதம் என்று ஒருபொழுதும் பிரகடனம் செய்யவில்லை. அற்புதமன்று என்பதில் ஆயர் மாளிகைக்கும் நாத்திகருக்கும் சண்டையே இல்லை. சண்டையெல்லாம் அதைச் சொன்ன குரலைப் பற்றியது.

அந்தக் குரலில் குற்றமே இல்லை என்று நான் சாதிக்கவும் மாட்டேன். பிராட்லா 1891இல் காலமானபோது, லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி அவருடைய பிரேத சம்ஸ்காரத்துக்குச் சென்றிருந்தார். திரும்பும் வழியில், ரயிலுக்காகக் காத்திருந்த ஒரு நாத்திகர், அங்கே இருந்த பாதிரியார் ஒருவரை மடக்கி, உம்முடைய கடவுளின் அளவு எவ்வளவு, அவர் எங்கே இருக்கிறார் என்று பலர் முன்னிலையில் விரட்டினார். மரியாதை நிமித்தம் துக்கத்துக்கு வந்திருந்த பாதிரியார் மௌனமாக நின்றார். அக்காட்சி தமக்கு நாத்திகத்தின் மேல் இருந்த வெறுப்பை அதிகமாக்கியது என்று காந்தி தம் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். ஒரிசாவின் கந்தமாலில் 2008இல் ஆலயங்கள் கொளுத்தப்பட்டதைப் பத்திரிகையில் படித்துவிட்டு இரவு கண் மூடாத ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்கு, தொலைக்காட்சியில் ஓங்கி ஒலிக்கும் பரிகாசம் விஞ்ஞான விளக்கமாகக் கேட்பதில்லை. தெருவில் வரும் கூட்டத்தின் முதல் சத்தமாகக் கேட்கிறது. அவர்களுடைய அச்சம் மெய்யானது. அதற்குப் பரிகாரமாக 295-ஏயைத் தேடிப் போனதுதான் பிசகு. கையில் எடுத்தவன் யாரானாலும் வெட்டுகிற கத்தி அது, நாளை வேறொருவர் அதைப் பிரசங்கியார் மீதே வீசலாம்.

இவ்விரு கூட்டத்தாரும் ஜென்மப் பகைவர் என்ற பேச்சில் எனக்குச் சிரிப்பு வருகிற இடம் ஒன்றுண்டு. இலங்கையில் பேய்களையும் சாமியார்களையும் துரத்தித் துரத்திச் சோதித்த ஆபிரகாம் கோவூர், திருவல்லாவில் ஒரு குருவானவருடைய மகன். சனல் இடமருகின் தகப்பனாரும் கேரளத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து நாத்திகரானவரே. வேதத்தை மனப்பாடமாக அறிந்த வீட்டிலிருந்துதான் வேதத்தை மறுக்கத் தெரிந்தவன் புறப்படுகிறான். தாராவியிலோ இந்த உறவு இன்னும் நெருக்கமானது. அங்குள்ள தமிழர்களில் பெரும்பகுதியினர் தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆதிதிராவிடரின் சந்ததியார். அச்சீமையின் வடக்கன்குளத்தில், 1872இல் கட்டிய கத்தோலிக்கக் கோவிலுக்குச் சாதிக்கு ஒன்றாக இரண்டு கால் விட்டு நடுவே சுவரும் வைத்தார்கள். ஜனங்கள் அதைக் காற்சட்டைக் கோவில் என்றார்கள். 1910இல் அச்சுவரை இடித்தவர்கள் யேசு சபைக் குருமார். இடித்ததை எதிர்த்து ஹைகோர்ட்டு வரை போய்த் தோற்றவர்கள் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள். அக்கதையை நாத்திகன் சொன்னால் தூஷணம் என்றும், உபதேசியார் சொன்னால் சாட்சி என்றும் கொள்ள நியாயமில்லை.

தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எனக்குப் பழக்கமான அண்ணன் தம்பி இருவர் உண்டு. அண்ணன் கறுப்புச் சட்டைக்காரர். தம்பி ஞானஸ்நானம் பெற்று ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். கீழே ஒரு அறை, இரும்பு ஏணி வைத்து ஏறினால் மேலே ஒரு அறை. மேலே ஸ்தோத்திரம் எழும்பினால் கீழே வானொலியின் சத்தத்தைக் கூட்டுவார்கள். ஒரு ஜூன் மாதத்து மழைநாளில் நான் போயிருந்தபோது, இருவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்துப் படிவங்களை அண்ணன் பூர்த்தி செய்துகொண்டிருந்தார். மராத்தி எழுத அவ்வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மதம் என்ற கட்டத்தில் தம்பி மகளுக்குக் கிறிஸ்தவம் என்று எழுதினார். 1950ஆம் ஆண்டின் ஜனாதிபதி உத்தரவுப்படி, அந்த ஒரு சொல்லினால் அவளுக்கு ஆதிதிராவிடருக்குரிய உரிமை கிடையாது என்பது அவருக்குத் தெரியும். தம் மகனுடைய படிவத்தை எடுத்தார். பேனா சற்றே நின்றது. பின்பு ஹிந்து என்று எழுதிற்று.

ஏணியில் உட்கார்ந்திருந்த தம்பி எட்டிப் பார்த்துச் சிரித்தார். “எண்ணே, சாமியே இல்லேங்கிய. இங்க பொய் எழுதுதது யாரு, நீங்களா நானா?”

அண்ணன் மை காயட்டும் என்று இரண்டு படிவங்களையும் விசிறிக்குக் கீழே வைத்தார். “ரெண்டும் எங்கையெழுத்துதாம்ல,” என்றார். “மழை விடுததுக்குள்ள குடையை எடு. பதினோரு மணிக்குமேல ஆபீஸ்ல வாங்க மாட்டான்.”