கடைகள் மூடிய பிறகு மிஞ்சியவர்கள்

2014 மே மாதத்தில் நியூசிலாந்து நாடாளுமன்றம் அவசர அவசரமாக ஒரு சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. அதுவரை உரிமம் பெற்ற கடைகளில் சட்டப்படியே விற்கப்பட்டுவந்த செயற்கைக் கஞ்சாப் பொட்டலங்கள் மே 8 முதல் விலக்கப்பட்டன. பெற்றோர்களும் நகராட்சிகளும் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். மூன்று ஆண்டுகள் கழித்து, 2017 ஜூலையில், அந்நாட்டின் தலைமை மரண விசாரணை அதிகாரி பொது எச்சரிக்கை ஒன்றை வெளியிட வேண்டியிருந்தது: செயற்கைக் கஞ்சா புகைத்தவர்கள் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்தார்கள். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் உறுதிசெய்யப்பட்டவை இரண்டே மரணங்கள். 2017 ஜூனுக்குப் பிந்தைய ஓராண்டில் மட்டும் 40 முதல் 45 பேர் வரை இறந்ததாகத் தற்காலிகக் கணக்கு சொன்னது. தடை இருந்தது, கடைகள் இல்லை, சாவு மட்டும் பெருகியது. அப்படியானால் தடை தோற்றுவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்வது சரியில்லை என்பதே என் கருத்து. தடை பயன்பாட்டைக் குறைக்கத்தான் செய்கிறது. ஆனால் யாருடைய பயன்பாட்டை என்று கேட்காதவரை அந்த வெற்றியின் விலை நம் கண்ணில் படுவதே இல்லை.

செயற்கைக் கஞ்சா என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அதில் கஞ்சா இல்லை. அமெரிக்காவில் தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹஃப்மன் என்ற வேதியியலாளர், கஞ்சாவின் வேதிப்பொருள் மூளையில் எந்த ஏற்பியில் போய் ஒட்டுகிறது என்று ஆராய்வதற்காகப் பல நூறு மூலக்கூறுகளை உருவாக்கினார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய ஜேடபிள்யூஎச்-018 அவற்றில் ஒன்று. ஆய்விதழ்களில் வெளியான செய்முறையை யாரோ எடுத்து, தூளை அசிட்டோனில் கரைத்து, ஏதோ ஒரு காய்ந்த இலையின் மேல் தெளித்து, 'ஸ்பைஸ்' என்று வண்ணப் பொட்டலத்தில் போட்டு விற்றார்கள். 2008 டிசம்பரில் ஜெர்மனியில்தான் உள்ளே இருப்பது என்ன என்பது வெளிப்பட்டது. 2009 ஜனவரியில் ஜெர்மனி தடை விதித்தது. நான்கே வாரங்களில் அதன் நெருங்கிய உறவான ஜேடபிள்யூஎச்-073 புதிய பொட்டலங்களில் வந்துவிட்டது. மூலக்கூறின் வாலில் ஒரு கரி அணு குறைவு, அவ்வளவுதான் வேறுபாடு. பட்டியலில் இல்லாத பொருள், ஆகவே குற்றமில்லை. அன்று தொடங்கிய ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னெச்சரிக்கை அமைப்பு 2008 முதல் இதுவரை 250க்கும் மேற்பட்ட செயற்கைக் கஞ்சா மூலக்கூறுகளைப் பதிவுசெய்திருக்கிறது.

இந்த ஓட்டத்தில் களைத்துப்போன நாடுகளில் ஒன்றுதான் நியூசிலாந்து. அங்கே 'குரோனிக்' என்ற பொட்டலம் தெருமுனைப் பெட்டிக்கடையில் பால், ரொட்டிக்குப் பக்கத்தில் கிடைத்தது. 2011 முதல் ஒவ்வொரு மூலக்கூறாகத் தற்காலிகத் தடை போட்டு, 30க்கும் மேற்பட்டவற்றைத் தடுத்த பிறகும் பொட்டலங்கள் குறையவில்லை. ஆகவே 2013இல் உலகில் வேறெவரும் செய்யாததைச் செய்தார்கள்: தீங்கு குறைவு என்று உற்பத்தியாளரே பரிசோதித்து மெய்ப்பித்தால் விற்க அனுமதி என்று ஒரு சட்டம். 119 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர் ஒருவர். பெட்டிக்கடை, பெட்ரோல் நிலையம், மதுக்கடை எல்லாவற்றிலும் விற்பனை நின்றது. சில ஆயிரமாக இருந்த விற்பனையிடங்கள் இருநூறுக்கும் கீழே சுருங்கின. ஆனால் பரிசோதனை முடியும்வரை சில பொட்டலங்களுக்கு இடைக்கால அனுமதி கொடுத்ததில்தான் கோளாறு. எஞ்சிய கடைகளின் வாசலில் கூட்டம் குவிந்தது, அது எல்லார் கண்ணிலும் பட்டது, பொதுமக்களின் கோபம் வெடித்தது. 2014இல் இடைக்கால அனுமதி முழுவதும் ரத்தானது. விலங்குகள் மேல் செய்த சோதனை முடிவுகளை ஏற்கக்கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்ததால், அதன்பின் எந்தப் பொருளும் அனுமதி பெற வழியில்லாமல் போயிற்று. சட்டம் ஏட்டில் இருந்தது, நடைமுறையில் முழுத் தடை.

தடைக்கு ஆதரவான சான்றுகளை முதலில் நேர்மையாக வைக்க வேண்டும். அவை வலுவானவை. அமெரிக்காவில் 2011 மார்ச்சில் ஐந்து மூலக்கூறுகளுக்கு அவசரத் தடை வந்தது, 2012இல் நாடாளுமன்றச் சட்டமே வந்தது. அங்கே பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் ஆண்டுதோறும் நடக்கும் ஆய்வில், 2011இல் 11.4 விழுக்காட்டினர் கடந்த ஓராண்டில் செயற்கைக் கஞ்சா புகைத்ததாகச் சொன்னார்கள். 2013இல் அது 7.9 ஆனது, 2016இல் 3.5. பிரிட்டன் 2016 மே மாதத்தில், எந்த மூலக்கூறு என்று பார்க்காமல் போதை தரும் புதுப்பொருள் எதையும் விற்பது குற்றம் என்று ஒட்டுமொத்தத் தடை கொண்டுவந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட கடைகள் மூடின அல்லது விற்பனையை விட்டன. 16 முதல் 24 வயதினரில் புதுவகைப் போதைப்பொருள்களைப் பயன்படுத்தியவர்கள் ஒரே ஆண்டில் 2.6இலிருந்து 1.2 விழுக்காடாகக் குறைந்தார்கள். அயர்லாந்து 2010இல் இதே வழியில் போனது, அங்கும் வயதுவந்தோரில் ஓராண்டுப் பயன்பாடு 3.5இலிருந்து 0.8 ஆனது. வீழ்ச்சி முழுவதும் சட்டத்தால் வந்ததா என்று கேட்கலாம். 'அதைப் புகைத்தவன் வலிப்பு வந்து விழுந்தான்' என்று மாணவர்களுக்குள் பரவிய பேச்சுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும். இருந்தாலும், தெருமுனைக் கடையில் கிடைக்கும் பொருளை ஒரு பதினேழு வயதுப் பிள்ளை ஆசைக்கு வாங்கிப் பார்ப்பதும், அதற்காக ஒரு வியாபாரியைத் தேடிப் போவதும் ஒன்றல்ல. கடையை மூடியது ஆயிரக்கணக்கான பிள்ளைகளை இந்த நஞ்சிடமிருந்து காத்திருக்கிறது என்றே நம்புகிறேன். அந்தக் கடைகளைத் திறக்கச் சொல்லும் எந்த வாதத்தையும் நான் ஏற்கமாட்டேன்.

இந்த எண்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க ஆய்வு வகுப்பறையில் நடக்கிறது. படிப்பை விட்டவர் அதில் இல்லை. பிரிட்டன் ஆய்வு வீட்டுக் கதவைத் தட்டி நடக்கிறது. கதவே இல்லாதவர், சிறையில் இருப்பவர் அதில் இல்லை. செயற்கைக் கஞ்சா குடிகொண்டிருப்பதோ இவர்களிடம். ஆகவே வேறு ஏடுகளையும் புரட்டியாக வேண்டும். அமெரிக்க நச்சு உதவி மையங்களுக்குச் செயற்கைக் கஞ்சா தொடர்பாக 2011இல் 6,968 பேருக்காக அழைப்புகள் வந்தன, 2013இல் 2,668 ஆகக் குறைந்தன, 2015இல் 7,794 ஆக ஏறின. மாணவர் பயன்பாடு பாதிக்கும் கீழே போய்விட்ட அதே காலத்தில்தான் நச்சுப் பாதிப்புக்கு ஆளானவர்கள் பெருகினார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் இறப்புப் பதிவுகளில் புதுவகைப் போதைப்பொருள் மரணங்கள் 2016இல் 123, ஒட்டுமொத்தத் தடைக்குப் பின் 2017இல் 61, எல்லாரும் மூச்சுவிட்டார்கள். 2018இல் மறுபடி 125. செயற்கைக் கஞ்சா மரணங்கள் மட்டும் அந்த ஓராண்டில் 24இலிருந்து 60 ஆயின. மான்செஸ்டர் நகரத்தின் பிக்காடிலி பூங்காவில், நின்ற நிலையிலேயே உறைந்துபோன வீடற்ற மனிதர்களின் படங்கள் பத்திரிகைகளில் நிறைந்தது 2017 வசந்தத்தில், அதாவது தடை வந்து ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு. அவர்களை 'நடைப்பிணங்கள்' என்று எழுதிய தலைப்புகளை இன்று நினைத்தாலும் மனம் கூசுகிறது.

ஏன் இப்படி ஆகிறது? வணிகம் கடையிலிருந்து தெருவுக்கு இறங்கும்போது சரக்கின் தன்மையே மாறுகிறது. ஒளித்துக் கடத்த வேண்டிய பொருள் சிறிய அளவில் அதிக வீரியம் கொண்டதாக இருந்தால்தான் லாபம். பழைய மூலக்கூறு தடைப்பட்டதும் வரும் புதியதை விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இயற்கைக் கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி மூளையின் ஏற்பியை ஓரளவுக்கே தூண்டும், இவற்றில் பலவோ முழு வேகத்தில் தூண்டும். நியூசிலாந்து மரணங்களில் பெரும்பங்கு ஏஎம்பி-ஃபுபினாகா என்ற மூலக்கூறினுடையது. அதற்கு ஓராண்டு முன், 2016 ஜூலையில், நியூயார்க்கின் புரூக்ளின் தெருவொன்றில் ஒரே நாளில் 33 பேரை நச்சுப் போதையில் ஆழ்த்தியதும் அதுவே. அதன் வீரியம் டிஎச்சியைப் போல் 85 மடங்கு என்று அப்போதைய மருத்துவ ஆய்வு மதிப்பிட்டது. கையால் கலந்து தெளிப்பதால் ஒரே பையில் ஒரு பிடி வெறும் இலையாகவும் அடுத்த பிடி உயிரைப் பறிப்பதாகவும் இருக்கும். 2018இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எலிப்பாஷாணம் கலந்த சரக்கைப் புகைத்து, இரத்தம் உறையாமல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். போலந்து 2010 அக்டோபரில் நாடெங்கும் புதுவகைப் போதைப்பொருள் விற்ற கடைகளை ஒரேயடியாக இழுத்துப் பூட்டியது. மறு ஆண்டு நச்சுப் பாதிப்புகள் வெகுவாகச் சரிந்தன. ஆனால் 2015இல் ஏழாயிரத்தைத் தாண்டின.

தடை போதிய அளவு கடுமையாக இல்லை, வேரிலேயே அறுத்தால் நிற்கும் என்பார்கள். வேரில் அறுத்தும் பார்த்தாயிற்று. இந்தத் தூள்களின் பெரும் உற்பத்திக்களமான சீனா, 2021 ஜூலை 1 முதல் தனித்தனி மூலக்கூறாக இல்லாமல் வேதி அமைப்பு வாரியாகவே ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. அந்த அமைப்பு வரையறைகளுக்கு வெளியே நிற்கும் புதிய குடும்பம் ஒன்று விரைவிலேயே சந்தைக்கு வந்தது. முழுத் தூளுக்குப் பதிலாகக் கடைசிப் படி மட்டும் பாக்கியிருக்கும் அரைத் தயாரிப்புகள் கடல் கடந்தன. சுற்றுமதில், பூட்டு, காவலர், சோதனை எல்லாம் உள்ள இடம் சிறை. அங்கேயே நிறுத்த முடியவில்லை என்றால் வேறெங்கே முடியும்? இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் 2013 ஜூனுக்கும் 2016 செப்டம்பருக்கும் இடையே நேர்ந்த மரணங்களில் குறைந்தது 79உடன் புதுவகைப் போதைப்பொருள்களுக்குத் தொடர்பு இருந்ததாகச் சிறை முறையீட்டு அதிகாரி கண்டறிந்தார். கடிதத் தாளை இந்தக் கரைசலில் நனைத்து, காயவைத்து, அஞ்சலிலேயே அனுப்பினார்கள்.

சிறை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. அங்கே 1990களின் நடுவிலிருந்து கட்டாயச் சிறுநீர்ச் சோதனை உண்டு. கஞ்சாவின் தடயம் உடம்பில் வாரக்கணக்கில் நிற்கும், ஸ்பைஸோ பல ஆண்டுகளுக்குச் சோதனையில் அகப்படவே இல்லை. பிடிபடாத பொருளுக்குக் கைதிகள் மாறினார்கள். வேலைக்கும் நன்னடத்தை விடுதலைக்கும் சோதிக்கப்படுபவர்கள் வெளியிலும் அதையே செய்தார்கள். இந்தச் சந்தையைப் பெருமளவு வளர்த்தது இன்னொரு தடைதான், அதாவது இயற்கைக் கஞ்சாமேல் போட்ட தடை. 2016 முதல் 2019 வரையிலான அமெரிக்க நச்சு மையப் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, கஞ்சாவைத் தாராளமாக அனுமதித்த மாநிலங்களில் செயற்கைக் கஞ்சாப் பாதிப்புகள் 37 விழுக்காடு குறைவு என்று கண்டது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை மெய்ப்பிக்கவில்லை. கஞ்சாவை அனுமதிப்பதற்கு அதற்கே உரிய தீங்குகளும் உண்டு, குறிப்பாக இளம் மூளைக்கு. நியூசிலாந்து மக்களும் 2020 வாக்கெடுப்பில் சிறு வித்தியாசத்தில் அதை மறுத்துவிட்டார்கள். அப்படியானால் செயற்கைச் சரக்கையே பரிசோதித்து விற்கலாமா என்றால், அதற்கும் என் பதில் இல்லை என்பதே. 2013 சட்டத்தின் அடிப்படை எண்ணம் நல்லது. ஆனால் தீங்கு குறைவான பொருள் என்று ஒன்று இருந்தால்தானே அனுமதிக்க? முழு மருந்துப் பரிசோதனையைத் தாண்டக்கூடிய ஒன்றை எவரும் கொண்டுவரவில்லை. ஆனால் சோதனையில் சிக்கியவரின் வேலையையும் விடுதலையையும் பறிக்கும் விதிகளை மாற்ற எந்த வாக்கெடுப்பும் தேவையில்லை.

ஆகவே விற்பனைத் தடை நிற்கட்டும், பயன்படுத்துபவரைத் துரத்துவது நிற்க வேண்டும். நியூசிலாந்து 2019 ஆகஸ்டில் ஒரே சட்டத்தில் இரண்டையும் செய்தது. ஏஎம்பி-ஃபுபினாகாவையும் இன்னொரு மூலக்கூறையும் மிகக் கடுமையான வகுப்பில் சேர்த்து, விற்பவருக்கு ஆயுள் தண்டனைவரை போக இடம் கொடுத்தது. கூடவே, கையில் வைத்திருந்த அல்லது புகைத்த ஒருவர்மேல் வழக்குப் போடும்முன், மருத்துவ வழி அதைவிட நல்லதா, வழக்கால் பொதுநன்மை உண்டா என்று காவலர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றது. முதல் பாதிதான் தலைப்புச் செய்தியானது. உயிர் காக்கக்கூடியது இரண்டாம் பாதி என்று நான் நினைக்கிறேன்: பக்கத்தில் ஒருவன் மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸை அழைக்க அவனுடைய கூட்டாளிக்குத் தைரியம் வர வேண்டும், அந்தத் தைரியத்தைத் தண்டனையின் நீளம் தராது. 2021இல் அந்நாடு போதைப்பொருளைப் பரிசோதித்து உள்ளே இருப்பதைச் சொல்லும் சேவையை நிரந்தரமாகச் சட்டபூர்வமாக்கியது, அதுவும் நல்லதே. ஆனால் அந்தச் சேவை பெயர்பெற்றது கோடைக்கால இசைவிழாக் கூடாரங்களில். செயற்கைக் கஞ்சாவால் இறந்தவர்களில் பெரும்பாலோர் நடுவயது ஆண்கள், மக்கள்தொகையில் தங்கள் பங்குக்கு மீறிய அளவில் பூர்வகுடி மாவோரிகள், உடல்நோயும் மனநோயும் ஏற்கெனவே கொண்டிருந்தவர்கள் பலர். எந்த இசைவிழாவுக்கும் நுழைவுச்சீட்டு வாங்காதவர்கள் அவர்கள். பரிசோதனை மேசை, செவிலியர், படுக்க ஓர் அறை ஆகிய மூன்றும் போய்ச்சேர வேண்டிய இடம் ஆக்லாந்தின் இரவுக் காப்பகங்களும், சிறைவாசலில் விடுதலையானவர் பையோடு நிற்கும் அந்த முதல் நாளும்.