பின்னால் வருவதற்கும் பிரேக் வேண்டும்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் சாலையில், பாரிவாக்கம் பக்கம் ஒரு கால் மணி நேரம் நின்று பாருங்கள். செங்கல் ஏற்றிய டிராக்டர், தண்ணீர் லாரி, பெரிய இரும்புப் பெட்டியைச் சுமந்த டிரெய்லர் லாரி என்று ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். நாம் பார்ப்பதெல்லாம் முன்னால் இழுக்கும் வண்டியைத்தான். ஹாரன் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நிற்போம். பின்னால் ஒரு பெட்டி வருகிறதே, அதை நிறுத்துவது யார் என்று எந்த வீட்டிலாவது பேச்சு எழுந்ததுண்டா?

பாரிவாக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் எழுந்தது. அந்த வீட்டு அம்மாளின் பிள்ளை அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தில் உத்தியோகம் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் தாயும் பிள்ளையும் டெலிபோனில் முகம் பார்த்துப் பேசிக்கொள்வது வழக்கம். ஒரு ஞாயிறு, முகத்துக்குப் பதிலாக இரண்டு கால்கள் மட்டும் திரையில் தெரிந்தன. ஆசாமி தம்முடைய பிக்கப் வண்டியின் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தார்.

"என்னடா பண்றே அங்கே?"

"டிரெய்லருக்கு பிரேக் கண்ட்ரோலர் மாட்டறேம்மா."

"அதுக்கு மெக்கானிக் கிடையாதா உங்க ஊர்லே?"

"இருக்கான். கூலி கொடுத்து மாளாது. இது நாலே ஒயர்தாம்மா."

"வண்டிக்குத்தான் பிரேக் இருக்கே! பின்னாலே சும்மா வர்றதுக்கு எதுக்குடா தனியா ஒண்ணு?"

அம்மாள் கேட்டது சாமானியமான கேள்வி அல்ல. விஷயமே அதில்தான் இருக்கிறது.

பிக்கப் வண்டிக்குப் பின்னால் இரண்டரை டன் டிரெய்லர் ஒன்று தொடர்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் பிரேக்கை மிதித்தால் முன் வண்டி நிற்கப் பார்க்கும். பின்னால் வருவதற்கு அந்தச் சேதி தெரியாது. வந்த வேகத்திலேயே வந்து முன் வண்டியை முட்டித் தள்ளும். நேர்சாலை என்றால் நிற்க வேண்டிய இடம் தாண்டிப் போகும். வளைவு என்றால், மடக்குக் கத்தி மடிவது போல டிரெய்லர் பக்கவாட்டில் திரும்பி முன் வண்டியையும் புரட்டிவிடும். அதனால்தான் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 3000 பவுண்டு, அதாவது சுமார் 1360 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தாக வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள்.

அந்த பிரேக் மின்சாரத்தால் வேலை செய்வது. சக்கரத்துக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது. அந்த இழுப்பில் ஒரு நெம்புகோல் நகர்ந்து, பிரேக் கட்டைகளை விரித்து டிரம்மில் அழுத்துகிறது. எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று அளந்து அனுப்புவதுதான் கண்ட்ரோலர். அளவில் ஒரு சோப்புப் பெட்டிதான்.

அதை மாட்டுகிறவர் முதலில் பாட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். மெயினை அணைக்காமல் வீட்டில் சுவிட்ச் பலகையைத் திறப்போமா? அதே நியாயம். பெட்டி கைக்கு எட்டும் இடத்தில், முழங்கால் இடிக்காதபடி இருக்க வேண்டும். வண்டி வேகம் குறைவதைத் தானே உணரும் ரகங்கள் சில, வண்டி போகும் திசையில் நேராக உட்கார்ந்தால்தான் கணக்குத் தப்பாது. பிறகு நாலு ஒயர். வழக்கமாகக் கறுப்பு பாட்டரியின் பாஸிடிவுக்குப் போகும். நடுவே சர்க்யூட் பிரேக்கர் ஒன்று அவசியம். வெள்ளை நெகடிவுக்கு. சிவப்பு, பிரேக் விளக்கின் சுவிட்சுக்கு. நீலம், பின்னாலுள்ள டிரெய்லருக்கு. புது வண்டிகள் பலவற்றில் இதற்கான பிளக் தயாராகவே இருக்கிறது.

மாட்டியதோடு முடிந்ததா? இல்லை. ஆள் நடமாட்டமில்லாத சமதரைச் சாலையில், 40 கிலோமீட்டர் வேகத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். டிரெய்லர் சக்கரம் இறுகித் தேய்த்துக்கொண்டு வந்தால் அளவைக் குறைக்க வேண்டும். பின்னாலிருந்து தள்ளினால் கூட்ட வேண்டும். சுமை மாறினால் மறுபடியும் பார்க்க வேண்டும். நாலு பேர் குழம்புக்குப் போட்ட உப்பு நாற்பது பேருக்குப் போதுமா?

அந்தப் பெட்டியில் கையால் நகர்த்தும் விசை ஒன்றும் உண்டு. காற்றிலோ வேகத்திலோ டிரெய்லர் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தால், பதறிப்போய் கால் பிரேக்கை மிதிக்கக் கூடாது. அந்த விசையை மெள்ள நகர்த்தினால் டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடிக்கும். ஆட்டம் அடங்கி நேராகும்.

"சரிதான். ஆடறது எதுவோ அதைப் பிடிக்கணும்," என்றாள் அம்மாள்.

பின்னால் வருவதையும் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் ரயிலிலேயே பிறந்தது. 1869-ல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர் ரயிலுக்குக் காற்று பிரேக் அமைத்தார். 1872-ல் அதைத் திருத்தி, குழாய் அறுந்தால் எல்லாப் பெட்டிகளும் தாமாகவே நிற்கும்படி செய்தார். பெரிய டிரெய்லர் லாரிகளின் காற்று பிரேக்கிலும் இதே தத்துவந்தான். அந்த பிரேக் சாமான்களுக்கு நாம் சீமைக்குப் போக வேண்டியதில்லை. பாரிவாக்கத்துக்குக் கிழக்கே பாடியில், 1962-ல் ஆரம்பித்த சுந்தரம் கிளேட்டன் காற்று பிரேக் செய்து பேர் வாங்கியது. அதன் பிரேக் பிரிவுக்கு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசே கிடைத்தது.

இவ்வளவும் பக்கத்திலேயே இருந்தும், ஊருக்குள் ஓடும் டிராக்டர் பெட்டிகள் பலவற்றுக்கு பிரேக் கிடையாது. நிறுத்துகிற பொறுப்பு முழுவதும் டிராக்டர் தலையில்தான். அந்த டிராக்டருக்கோ இரண்டு பிரேக் பெடல்கள். இடது சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. வயலில் சட்டென்று திரும்ப அது சௌகரியம். சாலைக்கு வந்தால் இரண்டையும் கொக்கியால் இணைத்தாக வேண்டும். மறந்து ஒன்றை மட்டும் மிதித்தால் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். பின்னால் பாரமும் தள்ளும். வண்டி கவிழ வேறென்ன வேண்டும்?

அந்தப் பெட்டியில்தான் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் பெண்டு பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறார்கள். 2022 அக்டோபர் 1-ந் தேதி, உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் அருகே கோயிலிலிருந்து திரும்பிய டிராக்டர் பெட்டி குளத்தில் கவிழ்ந்து 26 பேர் மாண்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அங்கே என்ன காரணமாக இருந்தாலும், சாமான் ஏற்றும் பெட்டி மனுஷர் ஏறுவதற்கு உண்டானது அல்ல.

ஆகவே சகோதரிகளே, வீட்டு வேலைக்குச் செங்கல்லோ மணலோ டிராக்டரில் வந்தால் டிரைவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "பெட்டிக்கு பிரேக் இருக்காப்பா? ரெண்டு பெடலுக்கும் கொக்கி போட்டியா?" சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுக்கச் சொல்லுங்கள். தெருப் பிள்ளைகளைப் பெட்டிக்குப் பின்னால் நிற்க விடாதீர்கள். "திருவிழாவுக்குப் போகலாம், பெட்டியில் ஏறுங்க" என்று யாராவது கூப்பிட்டால், பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள்.