ஆகஸ்ட் 10இல் இருக்கும் சாதி ஆகஸ்ட் 11இல் எங்கே போகிறது?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 10ஆம் நாளைத் திருச்சபைகள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கின்றன. 1950இல் அந்த நாளில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத தலித்துகளைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. பின்னர் 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவ, இஸ்லாமியத் தலித்துகள் இன்றும் வெளியேதான் நிற்கிறார்கள். இது அப்பட்டமான அநீதி. இதை எதிர்க்கும் போராட்டத்தில் நாமும் இருக்கிறோம்.

அந்தப் போராட்டத்தில் திருச்சபை வைக்கும் வாதம் என்ன? மதம் மாறினாலும் சாதி போவதில்லை என்பதுதான். உண்மை. வடக்கன்குளம் தேவாலயத்துக்குள் சாதி பார்த்து மக்களைப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது.

ஆகஸ்ட் 10 முடிகிறது. மறுநாள் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர்களின் ஐக்கியக் கூட்டம் நடக்கிறது. அறிவியலும் விசுவாசமும், படைப்பும் பரிணாமமும் என்று தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. அறிவார்ந்த விசுவாசம் வேண்டும் என்கிறார்கள். நல்லது. ஆனால் சாதி என்று ஒருவர் வாயெடுத்தால், "கிறிஸ்துவுக்குள் நாமெல்லாம் ஒன்றுதானே, அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்?" என்று ஜெபத்தோடு முடித்துவிடுகிறார்கள். டெல்லியில் இருக்கும் சாதி வளாகத்துக்குள் வந்ததும் மாயமாகிவிடுகிறது!

அரசு உதவிபெறும் கல்லூரியில் பேராசிரியரின் சம்பளம் மக்கள் வரிப்பணம். ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ நிர்வாகத்திடம். அரசியல் சட்டத்தின் 30(1)ஆவது பிரிவு தந்த பாதுகாப்பு அது. மாணவர் சேர்க்கை இடஒதுக்கீட்டிலிருந்தும் 15(5) சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்குத் தருகிறது. இந்த உரிமைகளைப் பறிக்க வருகிறவர்களை எதிர்ப்போம். அதேநேரம் கேட்போம்: சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக்கப்பட்டவருக்கு இந்த உரிமையில் என்ன பங்கு? பேராயத்தில் எந்தச் சாதியின் கை ஓங்குகிறதோ அந்தச் சாதிக்கே நியமனம் என்ற பேச்சைக் கேட்காத கல்லூரி வளாகம் உண்டா?

ஐக்கியத்துக்கு வருகிறவர் யார் என்றும் பாருங்கள். பேராசிரியர் வருகிறார், அலுவலகக் கண்காணிப்பாளர் வருகிறார். காலையில் அந்த ஆலயத்தைப் பெருக்கிவிட்டுப் போன ஒப்பந்தத் தொழிலாளி வருவதில்லை. அவரும் ஞானஸ்நானம் பெற்றவராக இருக்கலாம். அழைப்பு மட்டும் அவருக்குப் போகாது.

"இப்போது இதைப் பேசினால் சங் பரிவாரத்துக்குத்தான் லாபம்" என்கிறார்கள். தலித் கிறித்தவர்களை வாய்மூடச் சொல்ல இதைவிட வசதியான சாக்கு இல்லை. கிறித்தவத்தில்தான் சாதி இல்லையே, பிறகு எதற்குப் பட்டியல் சாதி உரிமை என்று கேட்பவன் எதிரி. கல்லூரிக்குள் சாதியே இல்லை என்று சாதிக்கும் பேராசிரியர், அவனுக்கு வாதம் எடுத்துக்கொடுக்கிறார்.

இவர்களின் மரபிலேயே வேறொரு அளவுகோல் உண்டு. சாதியை விட்டதற்கு அடையாளமாகப் பறையர் சமைத்த உணவை உண்ணாதவரைச் சபையில் சேர்ப்பதில்லை என்று 1850இல் சென்னை மிஷனரி மாநாடு முடிவெடுத்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதையே இறையியலாக்கினார். விசுவாசம் சோற்றுப் பானைக்கு அருகேதான் சோதிக்கப்பட்டது. கருத்தரங்க மேடையில் அதைச் சோதிக்க முடியாது.

ஆகவே, அறிவார்ந்த விசுவாசம் பேசும் பேராசிரியர்களே, அறிவு கேட்பது கணக்கு. உங்கள் கல்லூரியின் ஆசிரியர், அலுவலர், துப்புரவுப் பணியாளர் பட்டியலைச் சாதிவாரியாக வெளியிடுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் தலித் கிறித்தவர்களுக்கு நியமனத்தில் உரிய பங்கை ஒதுக்கச் சொல்லி உங்கள் நிர்வாகத்திடம் கேளுங்கள். அடுத்த ஐக்கியக் கூட்டத்தின் முதல் தலைப்பாக அந்தப் பட்டியலை வையுங்கள்.

அதன்பிறகு, வரும் ஆகஸ்ட் 10இல் கறுப்புக்கொடி பிடியுங்கள். தோளோடு தோள் நிற்க நாங்கள் வருகிறோம்.