மாலத்தீவுக்குப் போகிறீர்களா? வலது பக்கம் உட்காருங்கள்!

ரெயிலில் ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடாத குழந்தை உண்டா? ஆகாய விமானத்திலும் அதே சண்டைதான். ஆனால், விமானத்தில் ஜன்னல் கிடைத்தால் மட்டும் போதாது. எந்தப் பக்கத்து ஜன்னல் என்பதையும் பார்க்க வேண்டும்.

நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன்.

ஒரு முறை திருவனந்தபுரத்தில் இருந்து மாலத்தீவுக்குப் போனேன். கூடுதல் பணம் கட்டி ஜன்னல் இடம் வாங்கினேன். அது இடது பக்கம். கடல், கடல், வெறும் கடல்! விமானம் இறங்கும் நேரத்தில் வலது பக்கத்தில் "அடேயப்பா!" என்று குரல்கள் கேட்டன. எட்டிப் பார்த்தேன். மற்றவர்களின் தலைகள்தான் தெரிந்தன.

தேசப் படத்தை முன்பே பார்த்து இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மாலத்தீவில் 1,192 தீவுகள். அவை வடக்கே இருந்து தெற்கே, ஏறக்குறைய 870 கிலோ மீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கின்றன. நம் பக்கத்து விமானம் வடகிழக்கில் இருந்து தென்மேற்காகப் போகிறது. ஆகவே, தீவுகள் வலது கைப் பக்கம் வரும். திரும்பும்போது இடது பக்கம்.

வரிசைக்கு மூன்று மூன்று இடம் உள்ள விமானத்தில் 'ஏ' என்பது இடது ஜன்னல். 'எப்' என்பது வலது ஜன்னல். நடு வரிசைகள் வேண்டாம். சிறகு மறைத்து விடும். சிறகுக்கு முன்னால் உள்ள வரிசையைக் கேளுங்கள்.

காலை விமானம் நல்லது. வெயில் இடது பக்கம் இருக்கும். வலது பக்கம் கண் கூசாது.

மாலே நகரத்தைப் பார்க்க வேண்டுமா? அது காற்றின் கையில் இருக்கிறது! விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். விமான நிலையம் தனித் தீவில் இருக்கிறது. நகரம் அதற்கு மேற்கே. வடக்கு முகமாக இறங்கினால் நகரம் இடது பக்கம். தெற்கு முகமாக இறங்கினால் வலது பக்கம்.

என்ன தெரியும்?

மோதிரம் மோதிரமாகப் பவளத் திட்டுகள். ஆழம் இல்லாத இடத்தில் வெள்ளை மணல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் தண்ணீர் இளம் பச்சை. பாறை விளிம்பைத் தாண்டியதும் ஒரே கருநீலம்! இந்த நாட்டு நிலத்தில் 100-க்கு 80 பங்குக்கு மேல், கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. கடலோ உயர்ந்துகொண்டு வருகிறது. மேலே இருந்து பார்த்தால்தான், எவ்வளவு மெல்லிய நிலத்தில் மனிதர்கள் வீடு கட்டி வாழ்கிறார்கள் என்பது புரியும்.

யாருக்கு ஜன்னல்?

மூன்று பேர் போனால் ஒரு ஜன்னல்தான். பணம் கட்டியவருக்கா அது? இல்லை என்பேன். முதல் தடவை பறப்பவருக்கே கொடுக்க வேண்டும்.

எனக்கு எதிர்ப்பக்க ஜன்னலில் ஓர் இளைஞர் இருந்தார். திரையை இழுத்து மூடிவிட்டுத் தூங்கினார். பக்கத்தில் அவருடைய தாயார். "கடல் வந்துட்டுதாப்பா?" என்று இரண்டு முறை கேட்டார். "வரும்மா, தூங்கு" என்றார் மகன். விமானப் பணிப்பெண் வந்து திரையைத் திறக்கச் சொன்ன பிறகுதான் அந்த அம்மாள் பார்த்தார். மகன் மடிமேல் சாய்ந்தபடி, ஐந்தே நிமிடம்!

எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன். திரும்பும் விமானத்தில் அந்த அம்மாளுக்கு இடது பக்க ஜன்னல் கிடைத்திருக்க வேண்டும் என்று இன்றும் ஆசைப்படுகிறேன்.